கட்டற்ற ஈட்டி

வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். திருச்சியில் தில்லைநகரை ஒட்டிய தெரு. முதல் மாடி, தனிப் படிக்கட்டு, ஜன்னலைத் திறந்தால் தென்னை. முன்பணம் பேசும் கட்டத்தில் வீட்டுக்கார ஐயா கேட்டார்: “எந்தக் கம்பெனியில வேலை பாக்குறீங்கம்மா?”

“கம்பெனி இல்லைங்க ஐயா. ஃப்ரீலான்சரா இருக்கேன். மொழிபெயர்ப்பு வேலை.”

அவர் சற்று யோசித்தார். “ஃப்ரீயாவா செஞ்சு குடுக்குறீங்க?”

கேலி துளியும் இல்லாத கேள்வி. ஊரில் வழங்கும் பொருளை வைத்து அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தார், அவ்வளவுதான். நம் பேச்சில் ‘ஃப்ரீ’ இரண்டு பொருளில் வேர் பிடித்துவிட்டது. ஒன்று இலவசம்: இரண்டு வாங்கினால் ஒன்று ஃப்ரீ. மற்றது வேலையில்லாத வேளை: “சாயங்காலம் ஃப்ரீயா இருப்பியா?” இணையம் வழியாக மொழிபெயர்ப்பு செய்யும் இந்த 11 ஆண்டுகளில் எனக்கு நேர்ந்த சங்கடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பொருளிலிருந்து முளைத்தவை. ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று உறவினர்கள் வேலை ஏவியது இரண்டாம் பொருளால். ‘முதல் ஐந்து பக்கத்தைச் சும்மா செய்து காட்டுங்கள்’ என்று சிலர் கேட்டது முதல் பொருளால். பெயர் தவறாகப் புரிந்தால் தொழிலும் தவறாகவே நடக்கும் என்பது மெல்ல விளங்கியது. அந்தப் பெயர் பிறந்த இடத்தைத் தேடிப் போனேன்.

அது பிறந்தது ஒரு நாவலில். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ 1819 டிசம்பரில் வெளிவந்தது. கதை நடப்பது 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சிலுவைப் போருக்குப் போன ரிச்சர்டு மன்னர் நாடு திரும்பும் காலத்தில். அதில் டி பிரேசி என்றொரு படைத்தலைவன் வருகிறான். அவனுடைய வீரர்கள் எந்தப் பிரபுவுக்கும் பரம்பரையாகக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவர்களைத்தான் அவன் ‘ஃப்ரீ லான்ஸ்’ என்கிறான். லான்ஸ் என்பது குதிரைவீரர் ஏந்தும் நீண்ட ஈட்டி. ஒரு மன்னர் வேண்டாமென்றால் கடல் கடந்து போய் இன்னொரு தேசத்தில் வேலை தேடிக்கொள்ளலாம் என்ற தெம்பு அவனுக்கு இருந்தது. ஆக, இந்தச் சொல்லில் ‘ஃப்ரீ’ என்றால் ‘எவருக்கும் ஆட்படாத’ என்று பொருள். அந்த ஈட்டிக்காரர்கள் இலவசமாகப் போரிட்டவர்களும் அல்லர், சும்மா இருந்தவர்களும் அல்லர்.

சொல்லின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே தோண்டினால் இன்னும் ஆழம் போகிறது. ‘லான்ஸ்’ லத்தீனின் ‘லான்சியா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஃப்ரீ’யின் வேர் நமக்கு அதைவிட நெருக்கமானது. அதுவும் வடமொழியின் ‘ப்ரிய’ என்ற சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. நேசத்துக்குரியவர் என்பதுதான் மூலப் பொருள். நேசத்துக்குரியவர் நம் குடும்பத்தார், குடும்பத்தார் அடிமை அல்லர், எனவே கட்டற்றவர் என்று ஜெர்மானிய மொழிகளில் பொருள் நகர்ந்தது. நண்பரைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’டும் அதே கிளைதான். அப்படியானால் நாம் வடமொழியிலிருந்து வாங்கி ‘பிரியம்’ என்று சொல்வதற்கும் ஃப்ரீலான்சரின் ‘ஃப்ரீ’க்கும் தூரத்து உறவு இருக்கிறது. இலவசத்தை விட இந்த உறவு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்காட் கற்பனையில் கண்ட ஈட்டிக்காரர்களுக்கு வரலாற்றிலும் உறவினர்கள் உண்டு. 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நகர அரசுகள் சொந்தப் படையை விட வாடகைப் படையையே அதிகம் நம்பின. அந்தப் படைத்தலைவர்களுக்கு ‘கொண்டொத்தியரே’ என்று பெயர். ‘கொண்டொத்தா’ என்றால் ஒப்பந்தம். ஒப்பந்தமே தலைவனுக்குப் பெயராகிவிட்டது. எத்தனை ஈட்டிகள், எத்தனை மாதம், எவ்வளவு ஊதியம், முன்பணம் எவ்வளவு, காலம் முடிந்தபின் நீட்டிப்பு உண்டா என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டன. இங்கிலாந்திலிருந்து போன ஜான் ஹாக்வுட் பீசாவுக்கும் மிலானுக்கும் போப்பாண்டவருக்கும் போரிட்டு, கடைசியில் ஃபிளாரன்ஸில் நிலைத்து 1394இல் இறந்தார். ஃபிளாரன்ஸ் பேராலயச் சுவரில் பவுலோ உச்செல்லோ 1436இல் வரைந்த அவருடைய குதிரைமேல் உருவத்தை இன்றும் பார்க்கலாம். அவரை வியந்து பேச எனக்கு மனம் வரவில்லை. 1377இல் செசேனா நகர மக்களைக் கொன்று குவித்ததில் அவர் படைக்கும் பங்கு உண்டு. கட்டில்லாதவர் யாருக்கு வேலை செய்வது என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். அதனால் அந்த வேலையின் பாவமும் அவர் கணக்கிலேயே சேர்கிறது.

அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு செய்தி என்னை உட்கார்த்தி வைத்தது. ஆங்கிலப் படைகள் இத்தாலிக்குக் கொண்டுவந்த முறையில் ‘ஒரு ஈட்டி’ என்றால் ஓர் ஆள் இல்லை. போரிடும் வீரன், அவனுக்குத் துணைவீரன், குதிரையும் சாமானும் பார்த்துக்கொள்ளும் ஏவல் பையன் என மூவர் சேர்ந்ததுதான் ஓர் ஈட்டி. இணையத்தில் தனியாக வேலை செய்கிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். மொழிபெயர்க்கவோ வடிவமைக்கவோ நிரல் எழுதவோ தெரிந்தால் போதும் என்று இறங்குகிறோம். அது வீரன் ஒருவனின் வேலை மட்டுமே. வாடிக்கையாளரைத் தேடுவது, விலை பேசுவது, பில் அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, வரிக் கணக்கு வைப்பது எல்லாம் மற்ற இருவரின் வேலை. அந்த இருவரும் நாமேதான். முதல் ஆண்டில் எனக்கு இது தெரியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒப்பந்தமும் முன்பணமும் இல்லாமல் 40 பக்கம் செய்து அனுப்பினேன். பதில் வரவில்லை, பணமும் வரவில்லை. என்னிடம் வீரன் இருந்தான், துணைவீரன் இல்லை. இப்போது வாரத்தில் ஒரு நாளை மற்ற இருவருக்கும் ஒதுக்கி வைக்கிறேன். அன்று ஒரு வரிகூட மொழிபெயர்ப்பதில்லை.

நாவலிலிருந்து வெளியே வந்த சொல் சும்மா இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்சிக்குக் கட்டுப்படாத அரசியல்வாதியைக் குறித்தது. பிறகு எந்தப் பத்திரிகையின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் எழுதுகிறவரைக் குறித்தது. இரண்டு சொல்லாக இருந்தது நடுவே கோடு பெற்று, பின் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினைச்சொல்லானது. முதலில் ஆயுதம், பின் ஆயுதம் ஏந்திய ஆள், பின் அவர் செய்யும் செயல், கடைசியில் அதைச் செய்கிறவர் என நான்கு படி ஏறி ‘ஃப்ரீலான்சர்’ நின்றது.

சொல்லைத் தந்த ஸ்காட்டின் வாழ்க்கையும் ஒரு பாடம்தான். புகழின் உச்சியில் இருந்தவர், அச்சகத்திலும் பங்காளி. 1826இல் அவருடைய பதிப்பாளரும் அச்சகமும் சேர்ந்து கவிழ்ந்தபோது ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் அவர் தலையில் விழுந்தது. திவால் அறிவித்துத் தப்பிக்கலாம் என்றார்கள். அவர் எழுதியே அடைப்பதாகச் சொல்லி, 1832இல் இறக்கும்வரை எழுதினார். மிச்சக் கடனை அவர் நூல்களின் உரிமைத்தொகை பின்னர் அடைத்தது. ஒருவரையே நம்பி மொத்த வருமானத்தையும் கட்டி வைப்பவருக்கு எவ்வளவு பெரிய எழுத்தும் காவல் ஆகாது. என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் வராதபடி பார்த்துக்கொள்வது இதைப் படித்த பிறகுதான்.

இணையம் வந்ததும் பெயர் மறுபடி மாறியது. தாமஸ் மலோன், ராபர்ட் லாபாக்கர் இருவரும் 1998இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை ‘ஈ-லான்ஸ்’ பொருளாதாரத்தைப் பற்றிப் பேசியது. அக்காலத்திலேயே ‘ஈலான்ஸ்’ என்ற தளமும் தோன்றியது. 2003இல் ‘ஓடெஸ்க்’ வந்தது. இரண்டும் இணைவதாக 2013 டிசம்பரில் அறிவித்தன. 2015இல் சேர்ந்த நிறுவனம் ‘அப்வொர்க்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்தப் பெயரில் ஈட்டி இல்லை, வேலை என்ற பொதுச்சொல்தான் மிஞ்சியது. 2010இல் இஸ்ரேலில் தொடங்கிய ‘ஃபைவர்’ இன்னொரு வகை. ஒரு வேலைக்கு ஐந்து டாலர் என்ற தொடக்க விலையே அதன் பெயர்.

கூலி பெயராகும்போது என்ன நடக்கும் என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘கூலி’ நம் மொழியில் உழைப்புக்குத் தரும் ஊதியம். அதனோடு அறிஞர் பலர் தொடர்புபடுத்தும் ‘கூலி’ என்ற ஆங்கிலச் சொல், காலனி ஆட்சியில் உழைக்கிற மனிதனையே குறித்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் மொரிஷியஸுக்கும் ஃபிஜிக்கும் கப்பலேறியவர்களின் ஊரும் திறமையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்தன. ஊதியத்தால் அழைக்கப்படுகிறவரின் கைத்திறன் கண்ணில் படுவதில்லை. ஒரு வேலைக்கு வரும் விண்ணப்பங்களைக் குறைந்த விலையிலிருந்து அடுக்கிப் பார்க்கும் திரையிலும் அதுவே நடக்கிறது.

இதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். கொடுப்பது எளிது, ஒவ்வொருவரின் தகுதியை அறிவதுதான் அரிது என்று மலையமான் திருமுடிக்காரியிடம் சொன்னார் கபிலர். தகுதிக்கு அவர் கையாளும் சொல் ‘வரிசை’. எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது ‘பொதுநோக்கு’, அதைத் தவிர்க்கச் சொன்னார். பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போனார். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் காணாமலே பரிசு கொடுத்தனுப்பினான். தம் தகுதி அறிந்து தந்தால் தினையளவும் இனிது, காணாமல் தருவதை வாங்கிப்போகத் தாம் ‘வாணிகப் பரிசிலன்’ அல்லர் என்று மறுத்தார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அது. முகம் காணாத வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிற நமக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைக்கும். நேரில் காண முடியாத இடத்தில் வரிசையை அறியவைக்கும் பொறுப்பு நம்முடையது. ‘எல்லா வேலையும் செய்வேன்’ என்று எழுதி வைத்தால் பொதுநோக்குதான் கிடைக்கும். ‘மருத்துவ ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன், இதோ நான் செய்தவை’ என்று எழுதிய பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்புகிறவர் எதிரே வருகிற இன்னொருவரிடம் ‘இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ’ என்று சொல்வது அந்த வகை. இன்றும் என் வேலைகளில் பாதி அப்படித்தான் வருகிறது, ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்லி. அதைவிட முக்கியமாக, அவற்றில் நான்கு பாட்டுகளின் பெயர்களைப் பாருங்கள். பாணர், கூத்தர், பொருநர். எல்லாம் கலையின் பெயர்கள். அவர்கள் வாழ்ந்தது பரிசிலில்தான், ஆனாலும் பாட்டின் தலைப்பில் நின்றது அவர்கள் கையிலிருந்த யாழும் காலில் இருந்த கூத்தும்.

நம் காலத்தில் சட்டங்களும் பெயரின் குழப்பத்தைச் சரிசெய்ய முயல்கின்றன. நியூயார்க் நகரம் 2017 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே ‘ஃப்ரீலான்ஸ் இஸ்ன்ட் ஃப்ரீ’, அதாவது இது இலவசம் இல்லை என்பதே. 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தர வேண்டும். 2024இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானிலும் இப்படி ஒரு சட்டம் வந்தது, அங்கே பணம் தரக் கெடு 60 நாள். ஹாக்வுட் காலத்து ஒப்பந்த ஓலைக்கே திரும்பியிருக்கிறோம்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நண்பர்கள் கேட்பார்கள். இலங்கையில் ‘சுதந்திர ஊடகவியலாளர்’ என்று எழுதுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கிறது, ஏனெனில் அதில் தொழிலும் இருக்கிறது. சுதந்திரம் நாம் கட்டுப்பட்டிருக்கும் முறையைச் சொல்கிறது. ஊடகவியலாளர் என்பது கையில் இருப்பதைச் சொல்கிறது. ஃப்ரீலான்சர் என்ற பெயரிலும் இரண்டு பாதி உண்டு. ஊரார் முதல் பாதியை மட்டும் கேட்டார்கள், அதையும் தப்பாகக் கேட்டார்கள். நாமும் முதல் பாதியையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். போன மாதம் வீட்டுக்கார ஐயா தம் தம்பி மகளை மாடிக்கு அழைத்துவந்தார். பி.காம் முடித்த பெண், சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறாள், அதை இணையத்தில் செய்ய ஆசை. “வழி காட்டுங்கம்மா” என்றார் ஐயா. மூன்று நாள் மாலை அவளோடு உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும், முன்பணம் எப்படிக் கேட்பது, எந்த வேலைக்கு முடியாது என்று சொல்வது எனக் கற்றதையெல்லாம் சொன்னேன். கிளம்பும்போது கேட்டாள்: “அக்கா, யாராவது என்ன வேலைன்னு கேட்டா, ஃப்ரீலான்சர்னு சொல்லிரட்டா?”

“கணக்கர்னு சொல்லும்மா,” என்றேன். “அதுதான் உன் ஈட்டி.”