ஒரு புகைப்படம், இரண்டு ஓவியர்கள்

மார்லீன் டூமாஸ் ஆளை எதிரே உட்காரவைத்து வரைவதில்லை. பத்திரிகைப் படங்களும் போலராய்டுகளும்தான் அவருக்கு மாடல். "அப்போ காப்பி அடிக்கிறதுதானே?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரே ஒரு புகைப்படத்தின் கதையைக் கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

டூமாஸ் 1953இல் கேப் டவுனில் பிறந்தவர். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1976இல்தான் தொலைக்காட்சியே வந்தது. அதுவரை வெளியுலகம் அவருக்குப் பெரும்பாலும் அச்சுப் படங்களாகவே வந்து சேர்ந்தது. அதே வருடம் உதவித்தொகையில் நெதர்லாந்து போனவர், அங்கேயே ஓவியராக நிலைத்துவிட்டார்.

அந்த 1976 மே 9ஆம் தேதி, மேற்கு ஜெர்மனியின் ஸ்டாம்ஹைம் சிறையில் உல்ரீகே மைன்ஹோஃப் தூக்கில் இறந்துகிடந்தார். பத்திரிகையாளராக இருந்து ஆயுதக் குழுவுக்குப் போனவர். தற்கொலை என்றது அரசு, ஆதரவாளர்கள் நம்பவில்லை. அவருடைய சடலத்தின் படத்தை 'ஸ்டெர்ன்' இதழ் அச்சிட்டது.

1988இல் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அந்தப் படத்தை மூன்று முறை வரைந்தார். மூன்றும் சாம்பல் நிறம். ஈர வண்ணத்தைத் தூரிகையால் இழுத்து மங்கலாக்கியிருக்கிறார். முகம் நம்மை விட்டு நழுவிக்கொண்டே போகிறது.

2004இல் அதே படத்தை எடுத்த டூமாஸ் எதிர்த்திசையில் போகிறார். உடலை விட்டுவிட்டு தலையையும் கழுத்தையும் மட்டும் பெரிதாக்குகிறார். திறந்த வாய், கழுத்தில் கருந்தடம். ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டெர்ன்'. ஜெர்மன் மொழியில் நட்சத்திரம் என்று பொருள். ஆனால் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் காட்டிய பத்திரிகையின் பெயரும் அதுதான்.

ரிக்டர் முன்னால் போன பாதைதான். ஆனா அவர் தள்ளி நின்ற இடத்தில் இவர் கிட்டே போய்க் குனிந்து பார்க்கிறார். மூலப்படம் ஒன்றாக இருந்தும் ஓவியங்கள் வேறாவது அதனால்தான்.

எனக்கு ஓர் உறுத்தல் மட்டும் போகவில்லை. பத்திரிகையும் செத்தவரிடம் அனுமதி கேட்கவில்லை, ஓவியர்களும் கேட்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: பத்திரிகையில் அடுத்த பக்கம் இருந்தது, புரட்டினால் முடிந்தது. டூமாஸின் கேன்வாஸில் அந்த வசதி கிடையாது. பார்த்துக்கொண்டு நிற்கிறவர், தான் எதற்காகப் பார்க்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.