துருவத்துப் பறவையைப் படம்பிடிக்கப் பழவேற்காடு போதும்

துருவப் பிரதேசப் புகைப்படம் என்றதும் பனிக்கரடியும் பெங்குவினும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வடதுருவப் பகுதியில் பிறந்த பறவைகள் சில, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் உள்ள பழவேற்காடு ஏரிக்கு வருடாவருடம் வருகின்றன என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் பழைய கதை. 1910-ல் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் ஹெர்பர்ட் பான்டிங் கேமராவோடு போனார். அவருக்குப் பின் போன ஃபிராங்க் ஹர்லியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஷாக்கிள்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் 1915-ல் பனியில் சிக்கி நசுங்கியது. ஹர்லி சட்டையைக் கழற்றிவிட்டுக் கப்பலுக்குள் இறங்கி, உறையும் நீரிலிருந்து கண்ணாடித் தகடுகளை மீட்டார். ஆனால் எல்லாவற்றையும் சுமக்க முடியாதே! ஷாக்கிள்டனும் அவரும் பனிமேல் உட்கார்ந்து சுமார் 120 தகடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதி 400-ஐ அங்கேயே உடைத்தார்கள், பிறகு மனசு மாறிவிடக் கூடாது என்று. அதன்பின் மிஞ்சியது ஒரு சின்ன கோடக் கேமராவும் மூன்று ஃபிலிம் சுருளும். ஒவ்வொரு படத்தையும் எவ்வளவு யோசித்து எடுத்திருப்பார்!

இனி பழவேற்காடு. கொசு உள்ளான் என்று ஒரு பறவை. சாதாரணமாக 30 கிராம்கூட இருக்காது. ரஷ்யாவின் வடகோடித் தூந்திரப் பகுதியில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் இந்த ஏரிச் சேற்றில் புழு பொறுக்குகிறது. திரும்பிப் போக அதற்கு எரிபொருள், உடம்பில் சேரும் கொழுப்பு மட்டும்தான்.

இங்கே வரும் கேமராக்களோ பூநாரையைத்தான் தேடுகின்றன. பறக்கும் படம் வேண்டுமென்று படகைக் கிட்டே விடச் சொல்வார்கள், கை தட்டுவார்கள். பூநாரைகளோடு பக்கத்துச் சேற்றில் மேயும் உள்ளான்களும் எழும்பும். சேர்த்த கொழுப்பு வீணாய்ப் போகும். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் தீர்ந்துவிடும் என்ற பயமும் இல்லை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்துத்தான் வலை கட்டுகிறார்கள். நமக்கு எந்த முறையும் கிடையாது.

உண்மையைச் சொன்னால், நானும் ஒருமுறை கை தட்டியவன்தான். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "சும்மா உக்காருங்க தம்பி, தானா கிட்ட வரும்" என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். பூநாரை வரவில்லை. ஏழெட்டு கொசு உள்ளான்கள் வந்தன. என் சாதாரண கேமராவில் அவை புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தன.