டைட்டிலில் விழாத பெயர்

திராவிட இயக்க சினிமா வரலாறு என்றாலே நம் ஆட்கள் 1952-இல், ‘பராசக்தி’யிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் கொஞ்சம் பின்னால் போய், கோவை சிங்காநல்லூர்ப் பக்கம், சென்ட்ரல் ஸ்டுடியோவில் இதைத் தொடங்க விரும்புகிறேன். அங்கே எழுதிக்கொண்டிருந்த ஏ.எஸ்.ஏ. சாமியை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இலங்கையில் பிறந்தவர். அவருடைய ‘பில்ஹணன்’ வானொலி நாடகமாக இருந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் மேடைக்குப் போய், 1948-இல் படமானது. 1947-இல் ஜூபிடர் பிக்சர்ஸுக்காக அவர் இயக்கிய முதல் படம் ‘ராஜகுமாரி’. எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆனது அதில்தான். பி.யூ. சின்னப்பாவை வைத்து எடுக்க நினைத்த கதை, கம்பெனியின் மாதச் சம்பள நடிகரை வைத்துச் சிக்கனமாக முடிந்தது. 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’யையும் சாமிதான் இயக்கினார். சும்மா சொல்லக்கூடாது, மேடைத் தமிழைக் கேமராவுக்கு முன்னால் பேச வைத்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் இயக்க வரலாற்றில் அவர் வருவது வேறு விதமாக. ‘ராஜகுமாரி’ வசனத்தில் வேலை செய்த மு. கருணாநிதிக்கு டைட்டிலில் உதவியாளர் என்ற அளவில்தான் இடம். அடுத்த ஆண்டு ‘அபிமன்யு’வுக்கு வசனம் எழுதினார். அதில் அந்த இடமும் இல்லை. சாமியின் பெயர்தான் வந்தது. மனம் வெறுத்துத் திருவாரூர் திரும்பினார். இதை ‘நெஞ்சுக்கு நீதி’யில் அவரே எழுதியிருக்கிறார்.

இதை வைத்துச் சாமியை வில்லனாக்குவது எனக்கு உடன்பாடில்லைங்க. பஞ்சாலை ஊரில், பஞ்சாலை முறையிலேயே நடந்த தொழில் அது. நெய்த துணியில் மில்லின் முத்திரைதான் விழும், நெய்தவன் பெயர் விழாது. வசனமும் அப்படித்தான்: எழுதியவர் கூலிக்காரர், யார் பெயரைப் போடுவது என்பது முதலாளியின் கணக்கு. பெயருக்கு இன்னும் விலை வராத ஒருவருடைய எழுத்து, விலை வந்துவிட்ட இன்னொருவரின் பெயரில் விற்பனைக்குப் போனது. இதில் சாமியின் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் முதலாளியை விட்டுவிட்டு அவரிடம் மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்? தவிர, கருணாநிதி தரப்பைச் சொல்ல ஆறு பாகத் தன்வரலாறு இருக்கிறது. பின்னாளில் முதலமைச்சரானவரின் நினைவு ஆவணமாகிவிடுகிறது, சம்பளத்துக்கு எழுதியவரின் நினைவோ வெறும் வாய்ப்பேச்சாய்ப் போகிறது.

1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் கருணாநிதியின் பெயர் வந்தது. 1954-இல் அதே கோவையில், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ நாவலைப் படமாக்கியபோது வசனத்துக்கு அவரைத் தேடிப் போனது. ஆறு வருஷம் முன்னால் டைட்டிலில் இடம் கிடைக்காத பெயர் அது.