எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள்

எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் என்பவை, செங்கோட்டையில் பிறந்த நாடக நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) பாடி வெளிவந்த கிராமபோன் ஒலிப்பதிவுகள் ஆகும். மேடையில் நின்றபடியே ராகத்தை விரித்து, அன்றைய இரவுக்கு ஏற்பப் பாட்டை வளர்த்துப் பாடியவர் இவர். இம்மனோதர்ம இசையில் இன்று கேட்கக் கிடைப்பவை இத்தட்டுகள் மட்டுமே. இவர் நாடகங்கள் எதுவும் மேடையில் ஒலிப்பதிவு செய்யப்படவில்லை. பேசும்படத்தில் நடிக்காமலே 27-ஆம் வயதில் காலமானார். எனவே இவரது பாட்டைப் பற்றிய பேச்சு எல்லாம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே ஓடும் அரக்குத் தட்டுகளைச் சுற்றியே நடைபெற்று வருகிறது.

பாடகர்

கிட்டப்பாவின் இயற்பெயர் ராமகிருஷ்ணன். பெயரின் முன்னெழுத்துகள் செங்கோட்டையையும் தந்தை கங்காதர ஐயரையும் குறிப்பன. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் அருகிலேயே இருந்தாலும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

சிறுவனாகவே மேடை ஏறிய இவர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையிலும், பின்னர் கன்னையா கம்பெனியிலும் நடித்தார். இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளுடன் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும், இருவரும் மணந்துகொண்டதும், கிட்டப்பாவின் மறைவுக்குப்பின் சுந்தராம்பாள் இறுதிவரை வெள்ளாடை உடுத்தி வாழ்ந்ததும் பலரும் அறிந்தவை. இக்காதல் கதையே பெரிதாகப் பேசப்பட்டு, பாட்டின் இலக்கணம் பின்னுக்குப் போய்விட்டது எனலாம்.

மேடையும் மனோதர்மமும்

பாடும்போதே இசையைக் கற்பனை செய்து பாடுவது மனோதர்மம் எனப்படும். கருநாடக இசைக் கச்சேரியில் ஆலாபனை, தானம், நிரவல், கற்பனாசுரம், விருத்தம் ஆகியவை இவ்வகையின. நாடக மேடையில் இதற்கு வேறு ஒரு கட்டாயமும் இருந்தது. ஸ்பெஷல் நாடகம் எனப்பட்ட முறையில் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்ட நடிகர்கள், பெரும்பாலும் ஒத்திகை இல்லாமலே, அன்று இரவு ஒரே மேடையில் சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டுகளும் தெரியும். எதை எவ்வளவு நேரம் பாடுவது, எதிராளியின் பாட்டுக்கு எந்தப் பாட்டால் விடை சொல்வது என்பன மேடையிலேயே முடிவாயின. கொட்டகையிலிருந்து "ஒன்ஸ்மோர்" என்ற குரல் எழுந்தால் கதை நின்றுவிடும், பாட்டு மறுபடி தொடங்கும். மறுமுறை பாடும்போது அதே சங்கதிகளைப் போட்டால் கூட்டம் ஏற்காது. ஆக, புதிதாக ஒன்றைச் சொல்லவைத்ததில் கேட்பவர்க்கும் பங்கு உண்டு.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசைக்கும் குரல் எட்டவேண்டும் என்பதால் நாடகப் பாடகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினர். கிட்டப்பாவின் குரல் தார ஸ்தாயியில் தடையின்றி உலவியதும், அந்த உயரத்திலும் பிருகாக்கள் சிதறாமல் உதிர்ந்ததும் தட்டுகளிலேயே தெளிவாகக் கேட்கின்றன.

மூன்று நிமிட எல்லை

பத்து அங்குல அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று கூடுதலாகப் பதியலாம். சுற்றுக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 240. அதற்குள் பாட்டு தொடங்கி முடிந்தாக வேண்டும். பதிவில் வெட்டி ஒட்டுவதற்கு வழியில்லை. ஊசி மெழுகில் இறங்கிய பின் பிழை நேர்ந்தால் அந்த மெழுகையே கழித்துவிட்டு முதலிலிருந்து பாடவேண்டும்.

இந்த எல்லை கிட்டப்பாவின் விருத்தப் பதிவுகளில் மிகவும் உணரப்படுகிறது. விருத்தம் தாளக்கட்டு இல்லாதது. மிருதங்கம் ஓய்ந்திருக்கும். பாடகர் ஒரு செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து, இடையிடையே ராகத்தை நிரப்பி, தம் விருப்பம்போல் நீட்டலாம், நிறுத்தலாம். கருநாடக இசையில் பாடகருக்கு, ஆலாபனைக்கு அடுத்தபடியாக, இவ்வளவு விடுதலை தரும் வடிவம் வேறில்லை. இவர் பாடிப் புகழ்பெற்ற "கோடையிலே இளைப்பாற்றி" வள்ளலாரின் அருள்விளக்கமாலையில் வரும் எண்சீர் விருத்தம். நான்கு அடி, அடிக்கு எட்டுச் சீர், ஆக 32 சீர். மூன்று நிமிடத்தை 32-ஆல் வகுத்தால் ஒரு சீருக்கு ஆறு வினாடிக்கும் குறைவாகவே கிடைக்கும். ராகத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினால் அதுவும் சுருங்கும். கோடை வெயிலில் நிழலும் குளிர்நீரும் கிடைப்பதைப் பேசும் அச்செய்யுள், மேடையில் எவ்வளவு நேரம் விரிந்திருக்கும் என்பதைத் தட்டைக் கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எவரனி" தியாகராசரின் கீர்த்தனை, தேவாமிர்தவர்ஷிணி ராகம். "காமி சத்தியபாமா" கண்ணன் சத்தியபாமையின் வாயிலில் நின்று பாடும் நாடகப் பாட்டு. கச்சேரிக்குரிய கீர்த்தனையும், நாடகப் பாட்டும், சமய விருத்தமும் ஒரே குரலில் வீடுகளுக்குள் வந்தன. நாடகக்காரர் பாட்டு, சபாக்காரர் பாட்டு என்று வேலி போட்டிருந்த காலத்தில் இது சிறிய செய்தி அன்று. நாடகக் கொட்டகைக்குள் கால் வைக்காத குடும்பத்தினரும் தட்டு வழியாகக் கிட்டப்பாவைக் கேட்கமுடிந்தது.

வேகமும் சுருதியும்

கிட்டப்பா உண்மையில் எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்பது இத்தட்டுகளைக் கேட்பவர்களிடையே தீராத கேள்வி. இதற்கு விடை காண்பது தோன்றுவதைவிடக் கடினம்.

அக்காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுற்றில் வெட்டப்படவில்லை. பதிவு எந்திரத்தின் வேகம் இரண்டு மூன்று சுற்று கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். வீட்டுக் கிராமபோனோ கைச்சாவி முடுக்கி ஓடுவது. அதன் வேகத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடியும். வேகம் கூடினால் சுருதியும் அதே விகிதத்தில் ஏறும். 78 சுற்றில் பதிந்த தட்டை ஏறத்தாழ 82.6 சுற்றில் ஓட்டினால் சுருதி ஓர் அரைச்சுரம் உயரும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியதாகக் கேட்கும். மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 50 வினாடியில் முடிந்துவிடும். பிருகாக்களும் உள்ளதைவிட விரைவாக உருளும். மேதைமை என்று வியக்கப்படுவதில் ஒரு சிறு பங்கு முடுக்கிய சுருள்வில்லுக்கு உரியதாக இருக்கக்கூடும் என்பதால் இது வெறும் எண்கணக்கு அன்று.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நாடகப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் ஆர்மோனியம். அதன் நாக்குகள் ஓரிடத்தில் இசைக்கப்பட்டவை. தம்பூராவைப்போல் பாடகருக்கேற்ப ஏற்றி இறக்க இயலாது. தட்டில் ஒலிக்கும் ஆர்மோனியச் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுமானால் தட்டு தவறான வேகத்தில் ஓடுகிறது என்று கொள்ளலாம். ஆனால் அக்கால ஆர்மோனியங்கள் எல்லாம் இன்று வழங்கும் ஒரே அளவில் இசைக்கப்பட்டவை அல்ல. ஆகவே இம்முறை பிழையைக் குறைக்குமே தவிர அறவே நீக்காது. இணையத்தில் ஒரே தட்டின் இரு நகல்கள் வெவ்வேறு நீளத்தில் கிடைத்தால், கேட்பவர் முதலில் ஒப்பிட வேண்டியது பாடகரை அல்ல, வேகத்தை.

இரைச்சல் நீக்கம் மற்றொரு தொல்லை. 1920களின் நடுப்பகுதிவரை பாடகர் ஒரு பெரிய ஊதுகுழலுக்குள் பாட, அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்தது. 1925-க்குப் பின் ஒலிவாங்கி வழியாக மின்முறையில் பதிவது பரவியது. மின்முறையிலும் ஏறத்தாழ 5000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகள் சரியாகப் பதிவாகவில்லை. அரக்கின் சரசரப்பு அந்த எல்லைக்கு உள்ளும் புறமும் பரவிக் கிடக்கிறது. கணினி நிரலால் அதை முழுவதும் துடைத்தால் வல்லின மெய்களின் கூர்மையும் தார ஸ்தாயியின் பளபளப்பும் சேர்ந்தே போய்விடும். சற்றே சரசரக்கும் நகலில்தான் கிட்டப்பாவின் உச்சரிப்பு தெளிவாகக் கேட்கும்.

சுவைஞர்களின் விவாதம்

தென்காசி வட்டாரத்துக்குக் கூடியிருந்து சுவைத்துப் பேசும் மரபு ஒன்று உண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் நடத்திய வட்டத்தொட்டியும், பின்னர் குற்றாலத்தில் குடியேறி 1954-இல் மறையும்வரை நண்பர்களைக் கூட்டி நடத்திய கம்பன் பேச்சும் இலக்கியத்தில் அதற்கு எடுத்துக்காட்டு. ஒரே செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டி, எந்தச் சொல்லில் உணர்ச்சி நிற்கிறது என்று தேடுவது அவர்கள் முறை. இசையில் அதைச் செய்வதற்குக் கிராமபோன் வசதி செய்து கொடுத்தது. மேடைப் பாட்டைக் கேட்டவர் மறுநாள் நினைவிலிருந்துதான் பேசமுடியும். தட்டு வைத்திருப்பவர் ஊசியைத் தூக்கி அதே சங்கதியின்மேல் மறுபடி வைக்கலாம்.

இதிலிருந்து எழும் முதன்மையான கேள்வி, தட்டில் இருப்பது மனோதர்மமா என்பது. மூன்று நிமிடத்துக்குள் அடக்கவேண்டி முன்கூட்டியே வகுத்துக்கொண்டு பாடியதை மனோதர்மம் என்று சொல்லலாகாது என்பது ஒரு கட்சி. அடிகளின் பங்கீடும் முடிக்கும் இடமும் திட்டமிட்டவையாக இருக்கலாம். ஒவ்வொரு சீருக்கும் நடுவே உதிரும் பிருகாக்களை அவ்வாறு வகுத்து ஒப்பிக்க இயலாது என்பது மறு கட்சி. இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதே நேரத்தில், ஒரே விருத்தத்தை வேறோர் இரவில் அவர் எப்படிப் பாடினார் என்று ஒப்பிட்டுப் பார்க்க மேடைப் பதிவுகள் இல்லாததால் முதல் கட்சியை முற்றாக மறுக்கவும் முடியாது.

தட்டுகளுக்கு விரும்பத்தகாத விளைவும் ஒன்று இருந்தது. ஓர் இரவில் தோன்றி மறையவேண்டிய சங்கதி, தட்டில் பதிந்ததும் பாடமாகிவிட்டது. பின்வந்தவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்து பாடினர். கிட்டப்பாவின் பாணியில் பாடியவர்களாகக் கருதப்படுவோருள் டி. ஆர். மகாலிங்கம் (1923-1978) முதன்மையானவர். கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது பத்து. உயர்ந்த சுருதியும் நீண்ட ஆகாரமும் கொண்ட அப்பாணி அவர்வழியாகத் திரைப்படத்தில் சில காலம் நீடித்தது. ஒலிவாங்கிக்கு அருகில் நின்று தணிந்த குரலில் பாடும் முறை வேரூன்றியதும் அது மெல்ல வழக்கொழிந்தது.

பிற மரபுகளுடன் ஒப்பீடு

நாதசுவரத்தில் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடி ஆலாபனையும் இவ்வாறே தட்டின் எல்லைக்குள் ஒடுங்கி வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. மணிக்கணக்கில் அவர் தோடி வாசித்ததைக் கேட்டவர்கள் தட்டை நினைவூட்டும் குறிப்பாகவே கொண்டனர்.

அமெரிக்க ஜாஸ் இசையும் 78 சுற்றுத் தட்டுக் காலத்தில் இதே நெருக்கடியைச் சந்தித்தது. 1948-இல் நெடுநேரத் தட்டு வந்தபின் நிலைமை மாறியது. ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரு நால்வர் குழுக்களைக் கொண்டு பதிவு செய்த, பின்னாளில் கட்டற்ற ஜாஸ் என்ற வகைக்கே பெயர் தந்த இசை, ஏறத்தாழ 37 நிமிடம் ஓடுவது. தட்டின் இரு பக்கங்களையும் அதுவே நிரப்பியது. நடுவில் தட்டைத் திருப்பவேண்டியது ஒன்றே தடை. நெடுநேரத் தட்டு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே கிட்டப்பா மறைந்துவிட்டார்.

உரிமை நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். கிட்டப்பாவின் வாழ்நாளில் வெளிவந்த தட்டுகளுக்கு இக்காலம் எப்படிக் கணக்கிட்டாலும் 1993 இறுதியோடு கடந்துவிட்டது. ஆகவே அவை பொது உரிமைப் பரப்பில் உள்ளன. யாரும் நகலெடுக்கலாம், எண்ணிமமாக்கலாம், பகிரலாம். அரக்கு எளிதில் உடையும்; ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எஃகு ஊசி பள்ளத்தைத் தேய்க்கும். பழைய தட்டு வைத்திருப்போர் எண்ணிமமாக்கும்போது இரைச்சல் நீக்காத மூல நகல் ஒன்றையும், தட்டின் மையச்சீட்டில் அச்சிட்ட எண்ணையும், ஓட்டிய வேகத்தையும் சேர்த்துக் குறித்து வைப்பது நல்லது. வேகம் குறிக்கப்பட்டிருந்தால், சுருதியைப் பின்னர் எவரும் திருத்திக்கொள்ளலாம்.