நல்லூர்க் கட்டியமும் ஒரு பிழையான ஆண்டும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை முதலிற் கட்டுவித்தவர் யார்? இக்கேள்விக்கு இரண்டு பழைய சாட்சியங்கள் உண்டு. இரண்டும் புவனேகபாகு என்ற பெயரையே சொல்கின்றன. எந்தப் புவனேகபாகு என்பதில்தான் சிக்கல்.

முதலாவது, ஏட்டு வழக்கு. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலை, புவனேகபாகுவை யாழ்ப்பாணத்து முதல் அரசனின் அமைச்சனாகக் காட்டுகிறது. சக ஆண்டு 870இல், அதாவது கி.பி. 948இல், அவன் நகரையும் கோயிலையும் அமைத்தான் என்கிறது ஒரு தனிப்பாடல். ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆட்சியோ 13ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது என்பது ஆய்வாளர் கருத்து.

இரண்டாவது, வாய்மொழி. கோயிற் கட்டியம் புவனேகபாகுவை ஸ்ரீசங்கபோதி என்ற விருதோடு வாழ்த்துகிறது. அது சிங்கள மன்னர் சூடிய விருது. 1450 அளவில் யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரயன் என்ற செண்பகப் பெருமாள், பின்னர் கோட்டையில் ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடினான். கட்டியம் குறிப்பது இவனையே என்பது பலர் துணிபு. 1621இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். விருதுப்பெயர் மட்டும் பிழைத்தது.

ஓர் ஏடு தனக்குத் தானே சாட்சியாக முடியாது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' வைபவமாலையைப் புறச்சான்றுகளோடு ஒப்பிட்டே சோதித்தது.

இன்றைய கணினிப் பாதுகாப்பும் இதே நெறியில்தான் நடக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு வரும் தரவுத்தளக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து 'ஹாஷ்' என்ற எண் கணிக்கப்படுகிறது. ஓரெழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஆனால் எண்ணும் கோப்போடு சேர்ந்தே வந்தால் பயனில்லை. கோப்பைத் திருத்தியவன் எண்ணையும் திருத்திவிடுவான். ஆகவே வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம், முன்னரே கணினியில் உள்ள திறவுகோலால் சரிபார்க்கப்படுகிறது.

எனினும் கையொப்பம் உறுதிசெய்வது இரண்டே: அனுப்பியவர் இன்னார், இடையில் எதுவும் மாறவில்லை. உள்ளே இருப்பது உண்மையா என்பதை அது சொல்லாது. 870 என்ற எண்ணை ஏடெழுதியோர் பிசகின்றிப் பிரதி செய்திருக்கலாம். அதனால் அது சரியான ஆண்டாகிவிடாது.

பழைய நூல்களின் மின்பிரதிகள் உலகெங்கும் உள்ள தமிழர் கைகளுக்கு வந்துவிட்ட காலம் இது. பிரதி மெய்யா, பிரதி சொல்வது மெய்யா என்ற இரு கேள்விகளையும் நாம் தனித்தனியே கேட்கவேண்டும். கோயிலுக்கு ஐந்நூறு ஆண்டு கூடுதல் பழமை என்றால் நமக்கு இனிக்கும். இனிப்பதாலேயே அதை இன்னும் கடுமையாகச் சோதிக்கவேண்டும்.