குறிப்பேட்டுத் தீர்ப்பும் மரபணுச் சான்றும்: நாட்பட்ட சோர்வு நோய் வரலாற்றில் பெண்பால் மிகுதி

1955 சூலையில் இலண்டன் இராயல் ஃப்ரீ மருத்துவமனையில் காரணம் அறியப்படாத நோயொன்று பரவியது. பாதிக்கப்பட்ட பணியாளர்கள் 292 பேர். ஏற்கெனவே அங்குச் சிகிச்சை பெற்று வந்த நோயாளிகளுள் 12 பேரே அதற்கு ஆளாயினர். சூலை 25 முதல் அக்டோபர் 5 வரை மருத்துவமனை மூடப்பட்டது. மறு ஆண்டு 'லான்செட்' தலையங்கம் இந்நோய்க்கு 'மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ்' என்று பெயரிட்டு, 'தீங்கற்ற' என்னும் அடைமொழியையும் சேர்த்தது. உயிரிழப்பு நேராமையே அடைமொழிக்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தோர்க்கு அது எங்ஙனம் பொருந்தும் என்பது வேறு வினா.

1970இல் மெக்கெவெடி, பியர்ட் என்னும் உளமருத்துவர் இருவர், 1955ஆம் ஆண்டு நிகழ்வைக் கூட்டு ஹிஸ்டீரியா என வாதிட்டனர். அவர்கள் நோயுற்றோரை நேரில் ஆராயவில்லை. பழைய நோய்க்குறிப்பேடுகளையே பயன்படுத்தினர். நோயுற்றோருள் பெண்கள் மிக்கிருந்தமை அவர்தம் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. பெண்பால் மிகுதியை உளநோய்க்குச் சான்றாகக் கொள்வது வலுவற்ற வாதம். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களிலும் பெண்களே மிகுதி. அவற்றை எவரும் ஹிஸ்டீரியா என்பதில்லை. ஆயினும் இத்தீர்ப்பு நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

மரபுவழித் தொடர்பு குறித்த வலுவான சான்று 2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநில வம்சாவளித் தரவிலிருந்து கிடைத்தது. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர்க்கு நோய் வாய்ப்பு 2.7 மடங்காகவும், மூன்றாம் நிலை உறவினர்க்கு 1.93 மடங்காகவும் காணப்பட்டது. பின்னைய எண்ணே கருதத்தக்கது. பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் போன்ற உறவினர் பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழ்வதில்லை. எனவே பொதுச் சூழலை மட்டும் காரணமாகக் காட்டுதல் அரிது.

2025 ஆகஸ்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'டிகோட்எம்இ' ஆய்வு, நோயாளர் 15,579 பேரின் மரபணுத் தரவை நோயற்றோர் 2,59,909 பேரின் தரவோடு ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் எட்டு இடங்களை நோயோடு தொடர்புபடுத்தியது. இவற்றுட் சில, நோயெதிர்ப்பு மண்டலத்தோடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடைய மரபணுக்களை அடுத்துள்ளன. பிறப்புக்கு முன்பே அமைந்துவிடும் மரபணு வேறுபாடு, நோயின் விளைவாகத் தோன்றியிருக்க இயலாது. இவ்வகைச் சான்றின் தனி வலிமை அதுவே. ஆனால் ஒவ்வோர் இடத்தின் பங்கும் சிறிது; அவற்றைக்கொண்டு தனியொருவரின் நோயை உறுதிசெய்ய இயலாது. ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவே ஒப்பிடப்பட்டமையால் பிறர்க்கு இம்முடிவுகளை அப்படியே விரித்துரைத்தலும் கூடாது.

பங்கேற்றோருள் பெரும்பான்மையர் பெண்களே. எனினும் அவ்வெட்டு இடங்களின் விளைவில் ஆண், பெண் வேறுபாடு புலப்படவில்லை. 1970இல் ஹிஸ்டீரியாவுக்குச் சான்றாக நிறுத்தப்பட்ட பெண்பால் மிகுதிக்கு மரபணு ஆய்வும் இதுகாறும் விளக்கம் தரவில்லை.