ஆமை முட்டையும் ஒரு வரிக் கடிதமும்



பத்து பூத்தே என்ற பெயரை எடுத்தாலே நம் ஒட்டுக்கடை மேசைகளில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும். "நம்ம வக்கீலுங்க ஒழுங்கா வாதாடலையா?" தொலைக்காட்சிக் கருத்தரங்கிலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் பேச்சு ஓடியது. ஒளிபரப்பில் நேரம் நம்மை விரட்டும். அங்கே நுனிப்புல் மேய்ந்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் நன்றாகத்தான் வாதாடினார்கள். அதற்கு முந்திய தீவு வழக்கை வென்று கொடுத்தவர்களும் அவர்களேதான்.

2002 டிசம்பர் 17. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றம், சபா கடலில் இருக்கும் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கே உரியவை என்று தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு இந்தோனேசியா. 17 நீதிபதிகளில் 16 பேர் நம் பக்கம் நின்றார்கள். மலேசியக் குழுவை வழிநடத்தியவர் டான்ஸ்ரீ அப்துல் காதிர் முகமது. அவருக்குத் துணையாக நெதர்லாந்துக்கான நம் தூதர் டத்தோ நோர் ஃபரிடா அரிஃபின் இருந்தார். நாம் அமர்த்திய வெளிநாட்டுச் சட்ட வல்லுநர்களில் சர் எலிஹு லவுட்டர்பாக்ட், ஜேம்ஸ் கிராஃபோர்ட், நிக்கோ ஸ்ஹ்ரைவர் ஆகியோர் உண்டு. இந்தோனேசியாவுக்காக எழுந்து பேசியவர்களில் அலேன் பெல்லே, ராட்மன் பண்டி, லொரெட்டா மலிந்தோப்பி ஆகியோர் உண்டு.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2007 நவம்பரில், பத்து பூத்தே வழக்கு அதே மண்டபத்தில் விசாரணைக்கு வந்தது. நம் பக்கம் அதே காதிர், அதே ஃபரிடா, அதே லவுட்டர்பாக்ட், அதே கிராஃபோர்ட், அதே ஸ்ஹ்ரைவர். சிங்கப்பூரின் வரிசையில் யார்? முன்பு இந்தோனேசியாவுக்காகப் பேசித் தோற்ற பெல்லேயும் பண்டியும் மலிந்தோப்பியும்! இம்முறை வென்றவர்கள் அவர்கள். திறமை ஐந்தாண்டில் கட்சி மாறிவிடுமா? அப்படியானால் மாறியது எது?

ஓர் அரசாங்கத்தின் வழக்குக் குழுவுக்குத் தலைமை ஏற்பது என்றால் என்ன வேலை என்று முதலில் பார்ப்போம். அந்த நீதிமன்றத்தின் வழக்கில் தலைவருக்கு 'ஏஜண்ட்' என்று பெயர். நாட்டின் சார்பில் அங்கே அவர் சொல்வதுதான் நாட்டின் வாக்கு. ஆனால் அவர் ஒருவரே வழக்கை நடத்துவதில்லை. சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் வாதத்தைக் கட்டும். வெளியுறவு அமைச்சு பழைய கடிதப் போக்குவரத்தைத் தோண்டும். நில அளவையிலிருந்து கடற்படைவரை ஒவ்வொரு தரப்பும் தன்னிடம் உள்ளதைக் கொண்டு வந்து கொட்ட வேண்டும். தேசியக் காப்பகத்தில் சிலர் மாதக்கணக்கில் தூசியோடு உட்கார வேண்டும். இத்தனை பேரும் ஒரே குரலில் பேசும்படி பார்த்துக்கொள்வதுதான் தலைவரின் வேலை. நம் குழுவில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டான்ஸ்ரீ அப்துல் கனி பட்டாயிலும் இருந்தார்.

பத்து பூத்தே வழக்கில் இன்னொரு சிரமமும் இருந்தது. இரு நாடுகளும் 2003 பிப்ரவரி 6-ஆம் தேதி புத்ராஜெயாவில் ஒப்பந்தம் செய்து, சேர்ந்தே நீதிமன்றத்தை நாடின. எனவே வாதி, பிரதிவாதி என்ற பிரிவு கிடையாது. எழுத்து வாதங்களை இருவரும் ஒரே நாளில் தாக்கல் செய்ய வேண்டும். 2004 மார்ச் 25-ஆம் தேதி முதல் சுற்று. எதிராளி என்ன எழுதியிருப்பார் என்று தெரியாமலே நம் மனுவை எழுத வேண்டும். சீட்டாட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் கையை விரிப்பது போன்றது இது. மறுப்பு மனு 2005 ஜனவரியிலும் பதில் மனு அதே ஆண்டு நவம்பரிலும் இதே முறையில் நடந்தன.

இப்போது சிப்பாடானுக்குத் திரும்புவோம். அந்த வழக்கில் நம் குழு எடுத்து வைத்த பெரிய வாதம் என்ன தெரியுமா? சூலு சுல்தானிடமிருந்து ஸ்பெயினுக்கு, பிறகு அமெரிக்காவுக்கு, அதன் பிறகு பிரிட்டனுக்கு, கடைசியில் நமக்கு என்று வழிவழியாக உரிமை வந்தது என்பதுதான். கேட்க கம்பீரமாக இருக்கிறது அல்லவா? நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1891-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ்–டச்சு உடன்படிக்கையை வைத்து இந்தோனேசியா சொன்னதையும் ஏற்கவில்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, "சரி, அந்தத் தீவுகளில் யார் நிர்வாகம் செய்தார்கள்?" என்று பார்த்தது. அங்கேதான் ஆமை முட்டை வந்து நம்மைக் காப்பாற்றியது.

பிரிட்டிஷ் வட போர்னியோ நிர்வாகம் 1917-இல் ஆமைப் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் போட்டது. சிப்பாடானில் யார் முட்டை பொறுக்கலாம் என்பதற்கு உரிமம் கொடுத்தது. முட்டைத் தகராறுகளை அதிகாரிகள் தீர்த்து வைத்தார்கள். 1950-களில்கூட தாவாவ் மாவட்ட அதிகாரி அந்த உரிமத்தை வழங்கியிருக்கிறார். 1933-இல் சிப்பாடான் பறவைகள் காப்பிடமானது. 1962-இலும் 1963-இலும் இரு தீவுகளிலும் கலங்கரை விளக்கங்கள் எழுந்தன. எல்லாம் சில்லறை வேலைகள். அவற்றைச் செய்த குமாஸ்தாக்கள் யாரும் அனைத்துலக நீதிமன்றத்தை மனத்தில் வைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் தீவின் பெயர் காகிதத்தில் இருந்தது, காகிதம் கோப்பில் இருந்தது. காதிரின் குழு அதை எடுத்து நீதிபதிகள் முன் வைத்தது.

பத்து பூத்தேயின் கதை வேறு மாதிரி. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். நம் ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 24 கடல் மைல். வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் அது ஜொகூருடையது என்றுதான் தோன்றும். பிரிட்டிஷார் அங்கே கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851-இல் ஒளி வீசத் தொடங்கியது. விளக்கம் கட்ட ஜொகூர் சுல்தானும் தெமெங்கோங்கும் 1844 நவம்பரில் ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். அந்த ஒப்புதல் இந்தப் பாறைக்கா, வேறு இடத்திற்கா? அதை அறிய ஆளுநர் பட்டர்வொர்த் முதலில் எழுதிய கடிதங்கள் வேண்டும். பதில்கள் கிடைத்தன, கேள்விகள் கிடைக்கவில்லை! சிங்கப்பூரின் காப்பகத்தில் அவை இருக்கலாம் என்று நம் தரப்பு நீதிமன்றத்தில் சொல்ல, இல்லை என்று அவர்கள் மறுக்க, விசாரணையில் கொஞ்சம் சூடு பறந்தது.

கிடைக்காத கடிதத்தைவிட கிடைத்த கடிதம்தான் நம்மைச் சாய்த்தது. 1953 ஜூன் 12-ஆம் தேதி சிங்கப்பூர்க் காலனி நிர்வாகம் ஜொகூரின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு எழுதியது. தன் கடல் எல்லையைக் கணக்கிட வேண்டியிருக்கிறது, இந்தப் பாறையின் நிலை என்ன என்று கேட்டது. விஷயம் ஜொகூர் மாநிலச் செயலாளருக்குப் போனது. நில அலுவலகத்தையும் நில அளவைத் தலைவரையும் பழைய ஆவணங்களையும் அவர் கலந்து பார்க்க விரும்புவார் என்று இடைப்பட்ட கடிதம் ஒன்று சொல்கிறது. மூன்று மாதம் ஓடியது. செப்டம்பர் 21-ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. விஷயம் ஒரே வரிதான்: பாறைக்கு ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை.

நம் குழு இதை எதிர்த்து என்ன செய்ய முடியும்? முடிந்ததையெல்லாம் செய்தது. அந்த அதிகாரிக்கு அப்படி எழுத அதிகாரமே இல்லை, வெளிவிவகாரம் அன்று பிரிட்டிஷார் கையில் இருந்தது என்று வாதிட்டது. 'சொத்துரிமை' வேறு, 'இறையாண்மை' வேறு என்று பிரித்துக் காட்டியது. இரண்டுமே நல்ல வாதங்கள்தான். நீதிபதிகள் இரண்டையும் ஏற்கவில்லை.

அந்தக் கடிதம் மட்டும் தனியாக நின்றிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதன் பிறகு நாம் சும்மா இருந்ததுதான் கனம் சேர்த்தது. சுற்றுக்கடலில் நடந்த விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. 1974-இல் மலேசியர்கள் ஆய்வுக்காகப் பாறைக்குப் போனபோது அது பெயர் விவரம் கேட்டது, நாமும் கொடுத்தோம். 1978-இல் பாறையை ஒட்டி நிலமீட்பு செய்ய அவர்கள் டெண்டர் விளம்பரம் போட்டார்கள். திட்டம் நிறைவேறவில்லை, ஆனாலும் விளம்பரம் சாட்சியாகிவிட்டது. நெஞ்சைச் சுடுவது நம் சொந்த வரைபடங்கள்தான். 1962-க்கும் 1975-க்கும் இடையில் நம் நில அளவை அதிகாரிகள் வெளியிட்டவற்றில் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்தது! 1979 டிசம்பர் 21-ஆம் தேதி நாம் புதிய வரைபடம் வெளியிட்டு அதை நம்முடையது என்று சொன்னோம். 1980 பிப்ரவரி 14-ஆம் தேதி சிங்கப்பூர் ஆட்சேபித்தது. காதலர் தினத்தில் பிறந்த தகராறு.

எதிர்த்தரப்பின் அணி எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏஜண்ட் பேராசிரியர் டாமி கோ. அவரோடு அன்றைய துணைப் பிரதமர், நம் வாசகர்கள் நன்கறிந்த எஸ். ஜெயகுமார். 1992 முதல் 2006 வரை தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த சான் செக் கியோங், விசாரணை நடந்தபோது சிங்கப்பூரின் தலைமை நீதிபதி. ஒரு நாட்டின் தலைமை நீதிபதி இன்னொரு நீதிமன்றத்தில் வழக்கறிஞராக எழுந்து நிற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? கோப்பைத் தொடக்கத்திலிருந்து அறிந்தவர் கடைசிவரை கூடவே இருக்கட்டும் என்று நினைத்தார்கள்போலும். இதை நான் மெச்சுகிறேன்.

நம் பக்கம் ஒரு சறுக்கலும் உண்டு. விசாரணையில் நாம் காட்டிய ஒரு புகைப்படத்தில் ஜொகூர் கரை பாறைக்கு மிக அருகில் தெரிந்தது. அது ஒரு வலைப்பதிவிலிருந்து எடுத்தது. சிங்கப்பூர்க் குழு அடுத்த சுற்றில் வேறு படத்தைக் காட்டி, கண்ணுக்குத் தெரிவது அப்படியல்ல என்று மறுத்தது. தீர்ப்பை மாற்றியது அந்தப் படம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீதிபதிகளின் மேசைக்குப் போகும் ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் உரசிப் பார்ப்பது தலைமையின் பொறுப்பு.

2008 மே 23. துணைத் தலைவர் அல்-கசாவ்னே தீர்ப்பை வாசித்தார். பலர் மறந்துவிடும் ஒரு பகுதி இதில் இருக்கிறது. பாறை யாருக்கும் சொந்தமற்ற இடமாகக் கிடந்தது, பிரிட்டிஷார் வந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது சிங்கப்பூரின் முதன்மை வாதம். நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1844-இல் அது ஜொகூர் சுல்தானகத்துக்கே உரியது என்று ஏற்றது. ஓராங் லாவுட் மக்கள் அந்தக் கடலில் வாழ்ந்ததும் சுல்தானுக்கு அவர்கள் கட்டுப்பட்டிருந்ததும் சாட்சியாயின. அதை நிலைநாட்டியது நம் குழு. ஆனால் 1980-க்குள் உரிமை கைமாறிவிட்டது என்று 12 நீதிபதிகள் முடிவு செய்தார்கள், நால்வர் எதிர்த்தார்கள். சிப்பாடானில் நம் பெரிய வாதம் தோற்று, நிர்வாகக் காகிதம் வென்றது. இங்கே சிங்கப்பூரின் பெரிய வாதம் தோற்று, அவர்களுடைய நிர்வாகக் காகிதம் வென்றது. அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் 15-க்கு 1 என்ற கணக்கில் நமக்குக் கிடைத்தன. அங்கே ஜொகூரின் பழைய உரிமையைக் கலைக்க எந்தக் கடிதமும் இல்லையே! சவுத் லெட்ஜ் என்ற மூன்றாவது பாறை, அது யாருடைய கடலில் அமைகிறதோ அவருக்கு என்று விடப்பட்டது.

தீர்ப்புக்குப் பிறகும் தேடல் நிற்கவில்லை. பிரிட்டனின் தேசியக் காப்பகத்தில் 1958-ஆம் ஆண்டின் கடிதப் போக்குவரத்தும், அதே ஆண்டின் கடற்படைச் சம்பவ அறிக்கையும், 1960-களில் குறிப்பெழுதிய ஒரு வரைபடமும் கிடைத்தன. இவற்றை வைத்து 2017 பிப்ரவரி 2-ஆம் தேதி மலேசியா மறுஆய்வு மனு தாக்கல் செய்தது. தீர்ப்பு வந்து பத்தாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. முடிவையே மாற்றக்கூடிய புதிய சான்று வேண்டும் என்பதும் விதி. 2018 மே மாத இறுதியில், ஆட்சி மாறிய சில வாரங்களில், மனு மீட்டுக்கொள்ளப்பட்டது. அதையும் சேர்த்து ஆராய 2024-இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மீட்டது சரியா தவறா என்று ஒட்டுக்கடையில் இன்னும் சண்டை போடலாம். அந்த மூன்று ஆவணங்களும் 1953-இன் ஒரு வரிக்கு ஈடுகொடுத்திருக்குமா என்பதை மட்டும் எந்த நீதிபதியும் எடைபோட்டுப் பார்க்கவில்லை.